யாரோடு யாரை ஒப்பிடுகிறோம்?

போன மாதம் அக்கா மகள் போன் செய்தாள். சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கொடுக்க வேண்டிய நேரம். "மாமா, தன்பாலீர்ப்பாளர்கள் வளர்க்கிற பிள்ளைங்களைப் பத்தி எடுக்கலாம்னு இருக்கேன். ஆனா ஒரு ஆய்வு பிள்ளைங்க நல்லா இருக்காங்கங்குது, இன்னொண்ணு இல்லவே இல்லைங்குது. எதை நம்புறது?" என்றாள். எனக்குப் பட்டம் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் பதினைந்து வருடமாகத் தர்மபுரி மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் சர்வே படிவம் நிரப்புகிறவன் நான். ஒரு எண் எப்படிப் பிறக்கிறது, வழியில் எங்கே கெட்டுப்போகிறது என்று கொஞ்சம் தெரியும். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தத் துறையைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதுதான் ஆசை.

முதலில் சொற்கள். ஆணுக்கு ஆண் மீதோ பெண்ணுக்குப் பெண் மீதோ ஈர்ப்பு இருந்தால் தன்பாலீர்ப்பு, இரண்டு பக்கமும் இருந்தால் இருபாலீர்ப்பு. பிறந்தபோது குறித்த பாலினமும் தான் உணரும் பாலினமும் வேறாக இருப்பவர்கள் திருநர், அவர்களில் திருநங்கையும் உண்டு, திருநம்பியும் உண்டு. எல்லாரையும் சேர்த்துப் பால்புதுமையர் என்கிறோம், எல்ஜிபிடி என்று நான்கு எழுத்தில் அடக்குவதும் இவர்களைத்தான். இவர்கள் பெற்ற, அல்லது வளர்க்கும் பிள்ளைகள்தான் நம் விஷயம். பிள்ளைகளும் பெற்றோரைப் போலவே இருப்பார்கள் என்று யாரும் முன்கூட்டியே முடிவு கட்டிவிட வேண்டாம். அது வேறு கேள்வி, அதையும் ஆய்ந்திருக்கிறார்கள்.

இந்த ஆய்வுகள் பல்கலைக்கழகத்தில் யாருக்கோ திடீரென்று தோன்றி ஆரம்பித்தவை அல்ல, கோர்ட்டில் ஆரம்பித்தவை. 1970களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கணவனைப் பிரிந்து இன்னொரு பெண்ணோடு வாழப் போன அம்மாக்கள், அந்த ஒரே காரணத்துக்காகப் பிள்ளைகளைக் கோர்ட்டில் இழந்தார்கள். பிள்ளை கெட்டுப்போகும், பையன் பெண்ணைப் போல வளர்வான், பள்ளியில் கேலி செய்வார்கள் என்று வக்கீல்கள் வாதாடினார்கள். நிஜமாகவே அப்படி நடக்கிறதா என்று எண்ணிப் பார்த்தவர்கள் அப்போது அநேகமாக யாரும் இல்லை. லண்டனில் சூசன் கோலம்பாக் என்ற இளம் உளவியலாளர் எண்ணத் துணிந்தார். அவரும் உடன் வேலை செய்தவர்களும் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் 27 தன்பாலீர்ப்பு அம்மாக்களின் வீடுகளும், கணவன் இல்லாமல் தனியாகப் பிள்ளை வளர்க்கும் 27 மற்ற அம்மாக்களின் வீடுகளும் இருந்தன. பிள்ளைகளின் மனநலத்திலும் நடத்தையிலும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. தான் ஆணா பெண்ணா என்பதில் எந்தப் பிள்ளைக்கும் குழப்பமும் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஏன் தனியாக வளர்க்கும் அம்மாக்களோடு ஒப்பிட்டார்? அப்பா அம்மா இருவரும் ஒரே கூரையில் இருக்கும் வீட்டோடு ஏன் ஒப்பிடவில்லை? ஏனென்றால் அந்த 27 தன்பாலீர்ப்பு வீடுகளில் இருந்த பிள்ளைகள் பெரும்பாலும் அப்பா அம்மா பிரிவதைப் பார்த்தவர்கள். அப்பா வீட்டில் இல்லை. வீட்டில் சண்டை நடந்திருக்கும், வருமானம் குறைந்திருக்கும். இவர்களை எதுவுமே குலையாத வீட்டுப் பிள்ளைகளோடு நிறுத்திப் பார்த்து ஏதோ குறை தெரிந்தால், அது அம்மாவின் ஈர்ப்பால் வந்ததா, வீடு பிரிந்ததால் வந்ததா? சொல்லவே முடியாது. அதனால் அப்பா இல்லாத இரண்டு வகை வீடுகளை எடுத்து, கூடியவரை ஒரே ஒரு விஷயம் மட்டும் மாறும்படி அடுக்கினார். ஒப்பீட்டுக் குழு என்று பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குச் சொல்வது இவ்வளவுதான்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பென்னாகரம் மலையோரத்து அரசுப் பள்ளி ஒன்றின் பத்தாம் வகுப்பு மார்க்கையும் ஓசூர் தனியார் பள்ளி ஒன்றின் மார்க்கையும் பக்கத்தில் வைத்து, "ராகிக் களி சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு மார்க் குறைகிறது" என்று எழுதினால் சிரிப்பீர்களா இல்லையா? களி சாப்பிடுவது உண்மை, மார்க் குறைவதும் உண்மைதான். நடுவில் பஸ் வசதி, டியூஷன், அப்பாவின் சம்பளம், வாத்தியார் காலியிடம் என்று நாலு விஷயம் ஒளிந்திருக்கிறது. சிரிக்காமல் இதே தவறைச் செய்த பெரிய ஆய்வு ஒன்றும் உண்டு, வருகிறேன்.

அடுத்தது, யாரைப் பிடித்துக் கேட்கிறோம் என்பது. பாலக்கோடு தக்காளி மண்டியில் பழக்கப்பட்ட வியாபாரி கிரேடின், அதாவது பழப்பெட்டியின், மேலே இருக்கும் பழத்தைப் பார்த்து விலை சொல்ல மாட்டார். கையை அடிவரை விட்டு நாலு பழத்தை எடுப்பார். மேலே நல்ல பழம் அடுக்குவது எல்லாருக்கும் தெரிந்த வித்தை. ஆய்விலும் இதே சங்கடம். அமெரிக்காவில் 1986-இல் நானெட் கார்ட்ரெல் என்ற மனநல மருத்துவர், பெண் தன்பாலீர்ப்பாளர்கள் குழந்தை பெறத் திட்டமிடும் கட்டத்திலேயே அவர்களைச் சேர்த்து, அந்தப் பிள்ளைகள் வளர வளரத் திரும்பத் திரும்பப் போய்க் கேட்கும் ஆய்வைத் தொடங்கினார். பொறுமையாகக் காத்திருந்து சாதித்த வேலை என்றுதான் சொல்ல வேண்டும். 25 வயதிலும் 77 பிள்ளைகள் விடாமல் பதில் சொன்னார்கள். அதே வயதுள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டபோது மனநலத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்று 2018-இல் எழுதினார்கள். ஆனால் சேர்ந்தவர்கள் எல்லாரும் தாமாக முன்வந்தவர்கள், பெரும்பாலும் வெள்ளையர், படித்தவர். கிரேடின் மேல்பக்கப் பழம் என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். அதற்காக ஆய்வைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பிறப்பதற்கு முன்பிருந்தே தொடர்ந்து பார்ப்பதில் ஒரு பலம் இருக்கிறது. பெரியவனானதும் "சின்ன வயசுல எப்படி இருந்த?" என்று கேட்டு வாங்கும் பதிலைவிட அது எத்தனையோ மடங்கு மேல்.

சரி, தாமாக வருகிறவர்கள் வேண்டாம், குலுக்கல் முறையில் எடுப்போம் என்றால் இன்னொரு தொல்லை, ஆளே கிடைக்க மாட்டார்கள். அமெரிக்காவில் நாடு தழுவிய இளம்பருவத்தினர் ஆய்வு ஒன்றிலிருந்து 12,105 பிள்ளைகளின் விவரங்களைச் சலித்தார்கள், வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் சார்லட் பேட்டர்சனும் சகாக்களும். இரண்டு அம்மாக்களோடு வாழ்ந்தவர்கள் என்று கடைசியில் தேறியது 44 பேர். அந்த 44 பேருக்கும் வயது, குடும்ப வருமானம் போன்றவை பொருந்தும் இன்னொரு 44 பேரைத் தேடி எடுத்து 2004-இல் ஒப்பிட்டார்கள். பள்ளிப் படிப்பிலும் மனநலத்திலும் வித்தியாசம் இல்லை. எந்த வகை வீடு என்பதைவிட, பெற்றோரோடு பிள்ளைக்கு எவ்வளவு நெருக்கம் என்பதுதான் கணக்கில் எடுபட்டது.

இப்போது அந்தப் பெரிய ஆய்வு. 2012-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மார்க் ரெக்னரஸ் வெளியிட்டது. சுமார் 15,000 பேரைச் சல்லடை போட்டு, 18 முதல் 39 வயது வரையுள்ள 2,988 பேரிடம் விரிவாகக் கேட்டார். அம்மாவுக்குப் பெண்ணோடு உறவு இருந்தது என்று சொன்னவர்கள் 175 பேர், அப்பாவுக்கு ஆணோடு இருந்தது என்று சொன்னவர்கள் 73 பேர். பெற்ற அப்பா அம்மாவே கடைசிவரை சேர்ந்து வளர்த்தவர்களோடு இவர்களை ஒப்பிட்டார். வேலையின்மை, மனச்சோர்வு என்று பல விஷயத்தில் இந்தப் பிள்ளைகள் பின்தங்கியிருக்கிறார்கள் என்று முடிவு வந்தது. செய்தித்தாள்கள் அள்ளிக்கொண்டு போயின. அக்கா மகள் படித்த "இல்லவே இல்லை" ஆய்வு இதுதான்.

எங்கே இடிக்கிறது? அவர் கேட்டது "உன் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ எப்போதாவது அப்படி ஓர் உறவு இருந்ததா" என்று. அவர்கள் வளர்த்தார்களா, எத்தனை நாள் வளர்த்தார்கள் என்பது குழுவைப் பிரிக்கும்போது கணக்கில் இல்லை. நம் பக்கம் அப்பா அம்மா பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட, ஆயா, அதாவது பாட்டி, வளர்க்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களைப் பற்றி ஆய்வு செய்யக் கிளம்பி, "எப்போதாவது ஆயா வீட்டில் தங்கியிருக்கிறாயா?" என்று கேட்டு, கோடை லீவுக்குப் பத்து நாள் போனவனையும் பத்து வருடம் இருந்தவனையும் ஒரே பெட்டியில் போட்டால் என்ன ஆகும்? அதேதான். அந்த 248 பேரில் பெரும்பாலானோர் அப்பா அம்மா பிரிந்த வீட்டிலிருந்து வந்தவர்கள். பிறந்தது முதல் 18 வயது வரை இரண்டு பெண்களே சேர்ந்து வளர்த்தவர்கள் இரண்டே பேர். ஒப்பிட்டதோ ஒருபோதும் பிரியாத குடும்பத்தோடு. குடும்பம் குலைந்ததால் வந்த பாதிப்பு பெற்றோரின் ஈர்ப்பின் தலையில் ஏறிவிட்டது. சைமன் செங், பிரையன் பவல் என்ற இரு சமூகவியலாளர்கள் அதே தரவை எடுத்து, பொருந்தாதவர்களை விலக்கி, மறுபடி கணக்குப் போட்டு 2015-இல் வெளியிட்டார்கள். வித்தியாசங்களில் பெரும்பகுதி காணாமல் போனது.

"அப்ப எதை நம்புறது"க்கு என் பதில் இதுதான் பாப்பா: முடிவைக் கடைசியில் படி, யாரை எண்ணினார்கள், யாரோடு நிறுத்தினார்கள் என்பதை முதலில் படி. அப்புறம் ஒரு ஆய்வை மட்டும் பிடித்துத் தொங்காதே. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இந்தக் கேள்வி பற்றிய 79 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். அவற்றில் 75, இந்தப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிட மோசமாக இல்லை என்கின்றன. மாறாகச் சொன்ன நான்கிலும் குடும்பம் பிரிந்த பிள்ளைகளைத்தான் பெரும்பாலும் மாதிரியாக எடுத்திருக்கிறார்கள் என்பதைத் தொகுத்தவர்களே சுட்டிக்காட்டுகிறார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்குச் சாதகமான முடிவையும் இதே கண்ணால்தான் பார்க்க வேண்டும், இல்லையென்றால் நாம் ஆய்வு படிக்கவில்லை, கட்சி கட்டுகிறோம். தன்பாலீர்ப்பாளர் திருமணத்தை 2001-இல் உலகிலேயே முதலில் சட்டமாக்கிய நாடு நெதர்லாந்து. அங்கே அரசுப் பதிவேடுகளை வைத்து ஓர் ஆய்வு 2020-இல் வந்தது. தன்பாலீர்ப்புப் பெற்றோரின் பிள்ளைகள் 2,971 பேர், எதிரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மற்றப் பிள்ளைகள். யாரும் தாமாக முன்வரவில்லை, பதிவேட்டில் இருக்கும் எல்லாரும் இருக்கிறார்கள், அதாவது கிரேடு முழுவதையும் கொட்டிப் பார்த்தாயிற்று. பிறந்தது முதல் இப்படி வளர்ந்த பிள்ளைகள் படிப்பில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் மேலேயே இருந்தார்கள். உடனே குதிக்க வேண்டாம். தன்பாலீர்ப்புத் தம்பதிகளுக்குக் குழந்தை தற்செயலாகப் பிறப்பதில்லை. கருத்தரிப்பு சிகிச்சை, தத்து என்று பணமும் காலமும் செலவழித்துத்தான் கிடைக்கிறது. அதனால் பெற்றோர் சராசரியைவிட வசதியானவர்கள், வயதும் கூடியவர்கள். அந்த வசதியைக் கழித்துப் பார்த்தால் இடைவெளி சுருங்குகிறது.

இன்னொரு சுவாரஸ்யமான விஷயம். ஜூடித் ஸ்டேசி, டிமதி பிப்லார்ஸ் இருவரும் 2001-இல் அதுவரை வந்த 21 ஆய்வுகளை மறுபடி படித்துவிட்டு, "வித்தியாசமே இல்லை என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வது சரியில்லை, சின்னச் சின்ன வித்தியாசங்கள் தரவில் இருக்கின்றன, ஆய்வாளர்கள் பயந்து அடக்கி வாசிக்கிறார்கள்" என்ற பொருளில் எழுதினார்கள். ஆண் வேலை, பெண் வேலை என்ற பிரிவினை இந்தப் பிள்ளைகளிடம் குறைவாக இருந்தது ஓர் உதாரணம். அது குறையா நிறையா என்பது படிப்பவரின் வீட்டில் யார் பாத்திரம் கழுவுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பயத்துக்குக் காரணம் புரிகிறது. வித்தியாசம் என்று ஒரு வார்த்தை எழுதினால் மறுநாள் ஏதோ ஒரு கோர்ட்டில் அதைக் காட்டி ஒரு அம்மாவிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பார்கள். பிள்ளைகளுக்கும் அதே பாரம். "நல்லாத்தானே இருக்க?" என்று உலகமே கேட்கும்போது, சாதாரணமாகக் கணக்கில் ஃபெயிலாகும் உரிமைகூடப் போய்விடுகிறது, ஃபெயிலானால் பழி அம்மாக்கள் மேல் விழும்.

அதனால்தான் எண்ணுவதோடு நிற்காமல் உட்கார்ந்து கேட்கும் ஆய்வுகள் வந்தன. எப்போது தெரிந்தது, யாரிடம் முதலில் சொன்னாய், வகுப்பில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது என்ன வரைந்தாய் என்பது மாதிரி. பிள்ளைகள் படும் கஷ்டம் எங்கிருந்து வருகிறது என்று இவற்றில் தெளிவாகத் தெரியும், பெரும்பாலும் வீட்டுக்கு உள்ளேயிருந்து இல்லை, வெளியேயிருந்து. நெதர்லாந்துப் பிள்ளைகளையும் அமெரிக்கப் பிள்ளைகளையும் ஒப்பிட்டபோது, நெதர்லாந்துப் பிள்ளைகள் நண்பர்களிடம் கூடுதலாக வெளிப்படையாகப் பேசினார்கள், கேலிக்கும் குறைவாக ஆளானார்கள், நடத்தைச் சிக்கல்களும் அவர்களிடம் குறைவு. இரண்டு பக்கமும் அம்மாக்கள் ஒரே மாதிரிதான், ஊர்தான் வேறு.

இப்போது நம் ஊருக்கு வருவோம். அக்கா மகளுடைய ஆய்வு வழிகாட்டி கேட்டாராம், "தர்மபுரியில் அப்படி யாரும்மா இருக்காங்க?" இருக்கிறார்கள், பதிவேட்டில் இல்லை, அவ்வளவுதான். 2018-இல் உச்ச நீதிமன்றம் தன்பாலுறவு குற்றமல்ல என்றது. ஆனால் 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் தன்பால் திருமணத்துக்கு உரிமை இல்லை என்றது, தம்பதியாகத் தத்தெடுப்பதும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் நின்றுபோனது. ஆகவே நெதர்லாந்து மாதிரி ஒரு பட்டியல் இங்கே கிடைக்காது. இங்கே இருப்பது வேறு மாதிரி வீடுகள். வீட்டில் சொல்ல முடியாமல் கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளையும் பெற்று, தன்னை மறைத்தே வாழும் அப்பாக்கள். அக்கா பிள்ளையையோ அண்ணன் பிள்ளையையோ வளர்க்கும் திருநங்கைகள்.

அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறேன். எந்த ஊர் என்று எழுத மாட்டேன். ஒன்றியத்தின் பெயரைச் சொன்னாலே போதும், டீக்கடையில் இரண்டு நிமிடத்தில் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு குடும்ப சர்வே, ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தவர் ஒரு திருநங்கை. பக்கத்தில் எட்டாம் வகுப்புப் பெண் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா இறந்துவிட்டார், அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். படிவத்தில் 'பிள்ளையின் காப்பாளர், உறவுமுறை' என்று ஒரு கட்டம். தந்தை, தாய், தாத்தா பாட்டி, மற்றவர் என்று நான்கு எண்கள். நான் கணக்குப் போட்டு, "அம்மாவோட தம்பி, அப்ப தாய்மாமன்…" என்று வாய்க்குள் முணுமுணுத்தபடி நான்காம் எண்ணை எழுதினேன். அந்தப் பெண் தலையைத் தூக்காமலே சொன்னாள், "மாமா இல்லீங்க, சித்தி." புளி உடைத்த கை ஒரு நொடி நின்றது, மறுபடி உடைக்க ஆரம்பித்தது. நான் அடித்துவிட்டு 'சித்தி' என்று ஓரத்தில் எழுதினேன். அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றியவர் ஓரத்தில் எழுதியதை ஏற்ற இடமில்லை என்று நான்காம் எண்ணையே ஏற்றினார். காலையில் எழுப்பி, தலை பின்னி, ஸ்கூல் வேனுக்குப் பணம் கட்டி, ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்ட ஓர் அம்மா எங்கள் புள்ளிவிவரத்தில் 'மற்றவர்' ஆனது அப்படித்தான்.

புறப்படும்போது அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று. "இதை யார்கிட்ட காட்டுவீங்க?" ஆய்வு நெறிமுறை பற்றி எத்தனையோ பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன், அதைவிடச் சுருக்கமாக யாரும் கேட்டதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி 7 வயதுக்கு மேல் 18 வரை உள்ள பிள்ளையிடம், பெற்றோர் சம்மதத்தோடு கூடப் பிள்ளையின் ஒப்புதலையும் தனியாகக் கேட்க வேண்டும். இந்த விஷயத்தில் அது மட்டும் போதாது. அப்பாவைப் பற்றிப் பிள்ளைக்கே தெரியாத வீடாக இருக்கலாம். நீ போய் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டால், அந்தக் கேள்வியே சேதி சொல்லிவிடும். அந்த வீடுகளுக்கு நீ போகாதே, வளர்ந்து, தெரிந்து, தானே பேச முன்வருகிறவர்களிடம் மட்டும் கேள் என்று அக்கா மகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். மாதிரி சிறிதாகப் போகும், போகட்டும்.

கேள்வி கேட்கும் விதமும் முக்கியம். அவள் முதலில் எழுதிக்கொண்டு வந்த படிவத்தில் "அப்பா இல்லாதது உனக்கு எந்த விதத்தில் கஷ்டமாக இருக்கிறது?" என்று ஒரு கேள்வி. கஷ்டம் இருக்கிறது என்று நீயே முடிவு செய்துவிட்டு, எந்த விதத்தில் என்று மட்டும் பிள்ளையிடம் கேட்கிறாய் என்றேன். அதற்குப் பதிலாக, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவாங்க, பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு யார் வருவாங்க, வந்தபோது மற்றவங்க என்ன செஞ்சாங்க என்று கேள். தானாக வரும்.

சட்டமும் மெல்ல இந்தக் கட்டங்களைத் தொட ஆரம்பித்திருக்கிறது. கோழிக்கோட்டில் ஒரு திருநர் தம்பதிக்கு 2023-இல் குழந்தை பிறந்தது. பிறப்புச் சான்றிதழில் தந்தை, தாய் என்று பிரிக்காமல் 'பெற்றோர்' என்று போடும்படி கேரள உயர் நீதிமன்றம் 2025-இல் உத்தரவிட்டது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றமும் குடும்பம் அமைய ஒரே வழி திருமணம் அல்ல என்றது. படிவம் அச்சடிக்கிறவர்களுக்கு இது வந்து சேர நாளாகும்.

போன ஞாயிறு திருத்திய படிவத்தை அனுப்பியிருந்தாள். முதல் கேள்வி: 'உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? நீ கூப்பிடும் பெயரிலேயே சொல்.' கீழே எண்களும் இல்லை, கட்டங்களும் இல்லை, எழுத ஒரே ஒரு கோடு. நன்றாக இருக்கிறது பாப்பா, ஆனால் ஒரு கோடு பத்தாது, நாலு கோடாவது விடு என்று சொல்லியிருக்கிறேன்.